காரணம் கூறாத தீர்ப்பு

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 30, சனிக்கிழமை. நம் நாட்டு நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. இலண்டன் மாநகரின் டாட்டன்ஹாம் அணியும் லிவர்பூல் அணியும் மோதின. என் அண்ணன் மகன் லிவர்பூல் அணியின் தீவிர ரசிகன். இன்னும் சரியாகச் சொல்வதானால், எகிப்து நாட்டு வீரர் முஹம்மது ஸலாஹ்வின் ரசிகன். அவர் எந்தச் சட்டை அணிந்து ஆடினாலும் அந்தச் சட்டையின் பக்கம் இவன் நிற்பான். அவன் வற்புறுத்தி அழைத்ததால்தான் நானும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தேன்.

ஆட்டத்தின் 34ஆம் நிமிடம். இரு அணியும் இன்னும் கோல் போடவில்லை. ஸலாஹ் தந்த பந்தை வாங்கிக்கொண்டு ஓடிய லூயிஸ் டியாஸ் அதை வலைக்குள் அடித்தார். உடனே கோட்டு நடுவரின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடாம்! பையன் சற்றும் பதறவில்லை. "கவலை வேண்டாம் சாச்சா. அறைக்குள் இருந்து படத்தைப் பார்ப்பவர்கள் திருத்திவிடுவார்கள்" என்றான். சில விநாடிகள் சென்றன. டாட்டன்ஹாம் வீரர் பந்தை உதைத்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. திரையில் ஒருமுறை காட்டிய படத்தில் டியாஸ், எதிரணியின் கடைசித் தடுப்பாளருக்குப் பின்னாலேயே நின்றிருந்ததை அரைத்தூக்கத்தில் இருந்த நான்கூடக் கண்டேன். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஏன் என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

அன்றிரவே நடுவர் அமைப்பு, பெரும் மனிதத் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. மூன்றாம் நாள், அக்டோபர் 3ஆம் தேதி, அந்த அறையில் நிகழ்ந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. அதைக் கேட்டவர்களுக்கு விஷயம் விளங்கியது. களத்தில் இருந்தவர்கள் 'கோல் இல்லை' என்று தீர்ப்பளித்திருந்தார்கள். அறைக்குள் இருந்தவரோ, களத்தில் 'கோல்' என்று தீர்ப்பாகியிருப்பதாக எண்ணிக்கொண்டார். படத்தைப் பார்த்தார், வீரர் சரியான இடத்தில்தான் நின்றிருந்தார், ஆகவே 'சோதனை முடிந்தது, களத்துத் தீர்ப்பு சரி' என்று கூறிவிட்டார். சரியாகப் பார்த்து, சரியாக முடிவு செய்து, தவறான தீர்ப்பை உறுதிப்படுத்தினார்! நகைச்சுவை நாடகத்தில் இத்தகைய காட்சியை எழுதினால் நம்ப முடியாது என்று தள்ளிவிடுவோம்.

அதற்கு அடுத்து நிகழ்ந்ததுதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. பந்து உதைக்கப்பட்ட சில விநாடிகளிலேயே, படக்கருவியை இயக்கும் ஊழியர் பிழையை உணர்ந்துவிட்டார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்ற குரலும் அந்த அறையில் எழுந்தது. காணொளி நடுவர் கூறிய விடை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் பின்னோக்கிச் செல்லக்கூடாது என்பது விதி. ஆக, அந்தக் கோல் முறையானது என்னும் உண்மை அந்த அறைக்குத் தெரிந்துவிட்டது. அரங்கத்தில் அமர்ந்திருந்த ஏறத்தாழ 60,000 பேருக்குத் தெரியாது. தலையில் கைவைத்து நின்ற டியாஸுக்குத் தெரியாது. ஆட்டம் அறுபது நிமிடத்துக்கு மேல் நீண்டு, 96ஆம் நிமிடத்தில் லிவர்பூல் வீரர் ஒருவரே தம் வலைக்குள் பந்தைத் திருப்பிவிட, 2க்கு 1 என்று டாட்டன்ஹாம் வென்றது. உண்மை அறைக்குள்ளேயே அமர்ந்திருந்தது.

காணொளி நடுவரும் அவருடைய துணைவரும் இரண்டு நாளைக்கு முன்னர்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆட்டத்தை நடத்திக் கொடுத்துவிட்டு விமானமேறி வந்தவர்கள் என்று பின்னர் பத்திரிகைகள் எழுதின. களைப்புத்தான் காரணம் என்று பலர் வாதிட்டார்கள். நான் அந்த வாதத்தைத் தொடப்போவதில்லை. மனிதன் களைப்பான்; மனிதன் தவறுவான். தவறுவதற்காக ஒருவரை நாற்சந்தியில் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. அந்த நடுவர்களின் பெயர்களைக்கூட இங்கே நான் எழுதவில்லை. என் சினம் வேறிடத்தில் இருக்கிறது. பார்ப்பவனை முற்றிலும் இருளில் வைத்துக்கொண்டு, கதவடைத்த அறையில் தீர்ப்பு எழுதும் இந்த முறையின் மீது இருக்கிறது.

நடுவரின் பிழை கால்பந்தாட்டத்துக்குப் புதிதா? 1966 ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைவிற் கொள்க. இங்கிலாந்தின் ஜியோஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேற்கட்டையில் மோதிக் கீழே விழுந்தது. அது கோட்டைக் கடந்ததா, கடக்கவில்லையா? சுவிட்சர்லாந்து நாட்டு நடுவருக்குத் தெரியவில்லை. அவர் ஓடிச் சென்று கோட்டு நடுவரைக் கேட்டார். அந்தக் கோட்டு நடுவர் அஸர்பைஜானைச் சேர்ந்த தவ்ஃபீக் பஹ்ராமோவ். கோல்தான் என்று அவர் தலையசைத்தார். மேற்கு ஜெர்மனி 2க்கு 4 என்று தோற்றது. ஜெர்மானியர் இன்றளவும் அதை ஏற்கவில்லை. பாக்கு நகரில் ஒரு பெரிய விளையாட்டரங்கம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. கோட்டு நடுவர் ஒருவர் பெயரில் அரங்கம் எழுந்த அதிசயத்தை வேறெங்கே காண்போம்! சரியோ, தவறோ, அந்த மனிதர் எல்லோர் கண்முன்னும் நின்று தலையசைத்தார். ஜெர்மானியனின் சினத்துக்கு ஒரு முகம் இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1986 ஜூன் 22. மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அர்ஜென்டினாவின் மரடோனா, இங்கிலாந்துக் காவலரின் தலைக்கு மேல் எழும்பிக் கையால் பந்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். நடுவராக இருந்தவர் துனீசியா நாட்டின் அலி பின் நாஸர். தம்மைவிட நல்ல இடத்தில் நின்ற பல்கேரிய நாட்டுக் கோட்டு நடுவரை அவர் திரும்பிப் பார்த்தார். கொடி உயரவில்லை. கோல் என்றார். உலகமே பார்த்த பிழை அது.

ஆனால் அதற்கு நான்கு நிமிடங்களுக்குப் பின் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே மரடோனா, தம் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, ஆங்கிலேயர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து சென்று இரண்டாவது கோலைப் போட்டார். அவரை வழியில் வீழ்த்த முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் ஊத ஆயத்தமாகவே தாம் உடன் ஓடியதாகவும், ஊதாமல் விட்டதே நன்றாயிற்று என்றும் பின் நாஸர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். சற்றே அவசரப்பட்டு ஊதியிருந்தால் அந்த நூற்றாண்டின் மிக அழகிய கோல் பிறந்திருக்காது. ஒரே மனிதர், ஒரே ஆட்டத்தில், பெரும் பிழையும் செய்தார், பேரருளும் செய்தார். 2015இல் மரடோனா துனீசியாவுக்குச் சென்று அவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, கையொப்பமிட்ட சட்டை ஒன்றைப் பரிசளித்துவிட்டு வந்தார். அந்த ஆட்டத்தின் பந்தைப் பத்திரமாக வைத்திருந்த பின் நாஸர், 2022 நவம்பரில் இலண்டனில் அதை ஏலத்துக்கு விட்டபோது அது ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. பிழைக்கும் விலை உண்டு போலும் என்று ஆங்கிலேயர்கள் முணுமுணுத்திருப்பார்கள். அதை நாம் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

பழைய காலமே பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. 2009 நவம்பர் 18 அன்று பாரிஸ் நகரில் ஃபிரான்ஸின் தியரி ஆன்ரி கையால் பந்தை நிறுத்தித் தள்ளிக் கொடுக்க, அதிலிருந்து விழுந்த கோலால் அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்ததே, அது அநீதி. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே துள்ளியும் கோல் வழங்கப்படவில்லையே, அதுவும் அநீதி. அந்த ஆட்டத்துக்குப் பின்னர்தான் உலகம் விழித்தது. 2012 ஜூலையில் கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் அது பணியாற்றியது. பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும், கடக்காவிட்டால் அதிராது. விவாதம் இல்லை, தாமதம் இல்லை, எவருடைய கருத்தும் குறுக்கிடுவதில்லை. அந்தக் கருவிக்கு எதிராக எந்த ரசிகனும் கொடி பிடித்து நான் கண்டதில்லை.

அதுவும் ஒருமுறை தவறியது. 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா அணியின் கோல் காவலர் பந்தைக் கையில் பிடித்தபடியே கோட்டுக்கு உள்ளே சென்றுவிட்டார். ஏழு காமிராக்களின் பார்வையும் மறைந்துபோனதால் கடிகாரம் அதிரவில்லை. காணொளி நடுவரும் வாய் திறக்கவில்லை. கோலின்றி முடிந்த அந்த ஆட்டத்தில் வில்லாவுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. பருவத்தின் முடிவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அது முதல் பிரிவில் தங்கியது. போர்ன்மத் அணி கீழே இறங்கியது. கருவியை அமைத்த நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ரசிகர்கள் நொந்தார்கள், சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். கருவியை எடுத்துவிடுங்கள் என்று எவரும் கூறவில்லை. தவறைப் பொறுக்கத் தெரியாதவர்கள் ரசிகர்கள் என்று சொல்வோர் இந்த நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

காணொளி நடுவர் முறை வந்தபோது நமக்குத் தரப்பட்ட வாக்குறுதி என்ன? தெளிவான, கண்கூடான பிழையை மட்டுமே திருத்துவோம் என்றார்கள். 2018இல் ரஷியாவில் நடந்த உலகக் கோப்பையில் முதன்முதலாக அது அரங்கேறியது. ஜூலை 15ஆம் நாள் இறுதி ஆட்டம். ஃபிரான்ஸும் குரோஷியாவும் ஆளுக்கொரு கோல் என்று சமநிலையில் நின்ற வேளை. குரோஷிய வீரர் பெரிசிச்சின் கையில் பந்து பட்டது. வேண்டுமென்றா, தற்செயலா? அர்ஜென்டினா நாட்டு நடுவர் மைதானத்தின் ஓரத்தில் இருந்த திரைக்குச் சென்றார். பார்த்தார். திரும்பினார். மறுபடியும் சென்று பார்த்தார். பிறகு பெனால்ட்டி கொடுத்தார். ஃபிரான்ஸ் முன்னிலை பெற்றது. 4க்கு 2 என்று வென்றது. நான் கேட்கிறேன்: கண்கூடான பிழை என்றால் இரண்டாம் முறை பார்ப்பானேன்? தேர்ந்த நடுவர் ஒருவர் திரும்பிச் சென்று மீண்டும் உற்றுப் பார்க்கிறார் என்றால், அது கண்கூடானதன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கோட்டைக் கடந்ததா என்பது அளவை. கை வேண்டுமென்று நீண்டதா என்பது கருத்து. அளவைக்குக் கருவி போதும். கருத்துக்கு மனிதன் வேண்டும். அதுவும் ஆட்டத்தின் வேகத்தை உடலால் உணர்ந்து, வியர்த்து ஓடிக்கொண்டிருக்கும் மனிதன் வேண்டும். குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்பவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். நிறுத்திய படத்தில் வேகம் இல்லை. காலோடு கால் படுகிறது, அவ்வளவே தெரிகிறது. மேலே சொன்ன டாட்டன்ஹாம் ஆட்டத்திலேயே, டியாஸின் கோலுக்கு எட்டு நிமிடம் முன்னதாக, லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ் பந்தை மிதித்த கால் வழுக்கி எதிரணி வீரரின் கணுக்காலில் இறங்கியது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அறையிலிருந்து அழைப்பு வந்தது. திரைக்குச் சென்ற நடுவரை வரவேற்றது, கணுக்காலில் கால் பதிந்த நிலையில் உறைந்து நின்ற ஒரு படம்! மஞ்சள், சிவப்பாயிற்று. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மெதுவாக்கிய காட்சியைப் பார்ப்பவர்கள் அந்தச் செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று முடிவு கட்டும் போக்கு மிகுதி எனக் காட்டியது. நமக்கு ஆய்வும் வேண்டியதில்லை. திருமண வீட்டில் எடுத்த காணொளியை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். சாந்தமே உருவான மாமனார் கூட எவரையோ அடிக்கப் போவது போலத் தோன்றுவார்.

ஆஃப்சைடு அளவை அல்லவா, அதிலே கருவிக்கு என்ன குறை என்று கேட்கலாம். 2019இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இந்த முறை தொடங்கியபோது பயன்படுத்திய காமிராக்கள் விநாடிக்கு 50 படங்கள் எடுத்தன. விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர், ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்தால் எந்தப் படத்தை வைத்துக் கோடு இழுப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலேயே அக்குளுக்கும் கால் விரல் நுனிக்கும் கோடு இழுத்தார்கள். 2019 நவம்பரில் லிவர்பூல் வீரர் ஃபிர்மினோவின் அக்குள் ஆஃப்சைடு என்று ஒரு கோல் மறுக்கப்பட்டது. நாட்டையே சிரிக்க வைத்த தீர்ப்பு அது. 2021இல் கோட்டைத் தடிமனாக்கி, ஐயத்தின் பலனைத் தாக்குபவருக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் மயிரிழையில் பறிக்கப்பட்ட கோல்களுக்கு யார் பொறுப்பு? 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் உணர்கருவி வைத்து விநாடிக்கு 500 முறை அளந்தார்கள். 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகிலும் பாதித் தானியங்கி முறை வந்தது. நன்று. அளவை செம்மையாவதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் செம்மை வருவதற்கு முன்பே, செம்மை வந்துவிட்டதாக நம்மிடம் சொன்னார்களே, அந்தப் பொய்யை வரவேற்க முடியவில்லை.

கோவென்ட்ரி நகர மக்களை நினைக்கிறேன். 2024 ஏப்ரல் 21. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. எதிரே மான்செஸ்டர் யுனைடெட் என்னும் மாமலை. இரண்டாம் பிரிவில் ஆடும் கோவென்ட்ரி, 70ஆம் நிமிடம் வரை மூன்று கோல் பின்தங்கியிருந்தது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு, கடைசி நிமிடங்களில் பெனால்ட்டியால் மூன்று. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அதுவும் முடிந்து விநாடிகள் எண்ணப்பட்ட நேரத்தில், 121ஆம் நிமிடத்தில், விக்டர் டார்ப் நான்காவது கோலைப் போட்டார். வெம்ப்ளியின் ஒரு பாதி எழுந்து நின்று அழுதது. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தந்தையர் பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். அதன் பிறகு நடுவர் காதில் விரல் வைத்தார். கோல் பிறப்பதற்கு முன்னால், ஹாஜி ரைட் என்னும் வீரரின் பாத நுனி கோட்டுக்கு அப்பால் இருந்ததாம். கோல் இல்லை. பெனால்ட்டி உதைகளில் கோவென்ட்ரி தோற்றது. அதே யுனைடெட் மே மாதம் கோப்பையையே தூக்கியது.

அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். நான் வழக்காட வரவில்லை. கட்டிக்கொண்ட கைகளோடு அரங்கில் நின்ற அந்த மக்களுக்கு அந்தக் கணத்தில் என்ன சொல்லப்பட்டது? ஆஃப்சைடுக்கான சோதனை நடக்கிறது என்ற ஒற்றை வரி, பிறகு முடிவு. எந்தப் படத்தை எடுத்தார்கள், எந்த இடத்தில் கோடு வைத்தார்கள், அதில் யாருக்கேனும் ஐயம் எழுந்ததா? ஒன்றும் இல்லை. பல்லாயிரம் மைல் தொலைவில் சோபாவில் சாய்ந்திருந்த நான், கட்டணம் செலுத்தி, இரயிலேறி, குழந்தையைத் தோளில் சுமந்து வந்தவனைவிட அதிகமாக அறிந்துகொண்டேன். நீதிமன்றத்தில் தோற்றவனுக்குக்கூடத் தீர்ப்பின் நகல் கிடைக்கிறது. கால்பந்து ரசிகனுக்குக் கிடைப்பது பலகையில் ஒரு வரி.

இந்த முறையை ஆதரிப்பவர்களின் வலிய வாதத்தை மறைக்க மாட்டேன். காணொளி நடுவர் வருவதற்கு முன் முக்கியத் தீர்ப்புகளில் நூற்றுக்கு 82 சரியாக இருந்தன. வந்த பின் 96 சரியாக இருக்கின்றன என்று பிரீமியர் லீக் 2024இல் கூறியது. பெரிய முன்னேற்றம்தான். நான் ஐயப்படவில்லை. ஆனால் நூற்றுக்கு 82 என்று இருந்த நாளில் ரசிகன் இவ்வளவு கொதித்தானா? இல்லையே! பிழை குறையக் குறையக் கொதிப்பு ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் ரசிகனின் நன்றிகெட்ட தன்மை என்று தலைவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். களத்தில் நின்ற நடுவர் தவறியபோது, அவருக்குக் கிடைத்தது ஒரு கணம், இரு கண்கள் என்று நாம் அறிந்திருந்தோம். அறைக்குள் இருப்பவருக்குப் பல கோணங்களும் வேண்டிய நேரமும் இருக்கின்றன. இத்தனை வசதியும் பெற்றவர் தவறினால், எப்படித் தவறினார் என்று கேட்கும் உரிமை பெருகுகிறது. வசதியைப் பெருக்கியவர்கள் விளக்கத்தைப் பெருக்கவில்லை.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 1992இல் டர்பன் நகரில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதாக மூன்றாம் நடுவர் படம் பார்த்துத் தீர்ப்பளித்தார். 2008இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்டில் மேல்முறையீட்டு முறை சோதிக்கப்பட்டது. நம் இந்திய வாரியமே நெடுங்காலம் அதற்கு முகம் சுளித்தது. ஆயினும் இன்று மூன்றாம் நடுவர் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டுச் சொல்கிறார்: முதலில் கால் எங்கே இருந்தது என்று பார்ப்போம், அடுத்து மட்டையில் பட்டதா என்று பார்ப்போம், அடுத்து பந்தின் பாதை. வீட்டிலிருக்கும் மூதாட்டிகூட அவரோடு சேர்ந்து பார்க்கிறார். கருவியால் உறுதி சொல்ல முடியாத விளிம்பில், களத்து நடுவரின் சொல்லே நிற்கும் என்று வெளிப்படையாக அறிவித்தும் விடுகிறார்கள். கருவியின் எல்லையைக் கருவியே ஒப்புக்கொள்ளும் நேர்மை அது. அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து நமக்குப் புரியாத ஆட்டம். எனினும் அங்கே 1975 முதற்கொண்டே நடுவரின் சட்டையில் ஒலிவாங்கி உண்டு. யார் செய்த குற்றம், என்ன தண்டனை என்று அரங்கம் முழுவதற்கும் அவரே அறிவிக்கிறார். அங்கும் ரசிகர்கள் நடுவரைத் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் எதற்காகத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுகிறார்கள்.

கால்பந்துக்கு மட்டும் ஏன் இந்த மௌனம்? ஆட்ட விதிகளை வகுப்பது 1886இல் தோன்றிய ஒரு பழைய சபை. அதில் மொத்தம் எட்டு வாக்குகள்: நான்கு ஃபிஃபாவுக்கு, மீதி நான்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு. மொராக்கோவுக்கு வாக்கு இல்லை, பிரேசிலுக்கும் இல்லை. காசு கொடுத்துப் பார்க்கும் ரசிகனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 14 அன்று மொராக்கோ உலகக் கோப்பை அரையிறுதியில் ஃபிரான்ஸிடம் தோற்றபோது, தங்களுக்கு உரிய இரண்டு பெனால்ட்டிகளைக் காணொளி அறை கண்டுகொள்ளவில்லை என்று அந்நாட்டுக் கழகம் ஃபிஃபாவுக்கு முறையீடு எழுதியது. முறையீடு சரியா என்பதில் எனக்கே ஐயமுண்டு. அன்று ஃபிரான்ஸ் நன்றாக ஆடியது. ஆனால் அந்த அறையில் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு நாடே கேட்டது. அந்த உரையாடல் உலகின் காதுக்கு எட்டவில்லை. அறையில் நேர்மையாகவே ஆராய்ந்திருக்கக் கூடும். நேர்மையாக நடந்துகொண்டவர் அதைக் காட்டிக்கொள்ள வாய்ப்பின்றிப் பழி சுமப்பதும் இந்த மௌனத்தின் விளைவுதான்.

ரசிகனுக்கு வாக்கு இருக்கும் இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவீடன் நாட்டில் சங்கங்களின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. உறுப்பினர் என்றால் ரசிகர்தாம். அவர்கள் சங்கக் கூட்டங்களில் கைதூக்கி மறுத்தார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டுக் கழகம், காணொளி நடுவர் எங்கள் லீகுக்கு வரமாட்டார் என்று அறிவித்தது. பக்கத்து நார்வேயில் 2023இலேயே வந்துவிட்டது. 2024 ஜூலையில் ரோஸன்போர்க் மைதானத்துக்குள் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும், நம்புங்கள், மீன் கட்லெட்டுகளையும் எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். உணவை எறிவதை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனால் கேட்க ஆளில்லாத மனிதன் கையில் கிடைத்ததை எறிகிறான். 2025 தொடக்கத்தில் அங்கே சங்கங்களில் பெரும்பாலானவை வேண்டாம் என்றன. மார்ச்சில் கூடிய கழகப் பேரவை வேண்டும் என்றது. இங்கிலாந்திலோ 2024 ஜூன் 6 அன்று, அரங்கில் இருப்பவனின் மகிழ்ச்சி போயிற்று, தகவலும் இல்லை என்று உல்வர்ஹாம்ப்டன் சங்கம் கொண்டுவந்த தீர்மானம் 19க்கு 1 என்று வீழ்ந்தது. அந்தப் பத்தொன்பது முதலாளிகளில் யாரேனும் தம் அரங்கத்தின் மலிவான இருக்கையில் அமர்ந்து ஐந்து நிமிடம் காத்திருந்ததுண்டா?

காணொளி நடுவரை அடியோடு ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சுவீடன்காரர்கள் அதைக் கேட்கும் தகுதி பெற்றவர்கள். அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். கோட்டையும் அளவையையும் கருவி பார்த்துக்கொள்ளட்டும். அதில் கருவிக்கே ஐயம் என்றால் அந்த ஐயத்தைத் திரையில் காட்டட்டும். கையா, தோளா, முரட்டாட்டமா, தற்செயலா என்பதைக் களத்தில் ஓடுபவரிடம் விட்டுவிடட்டும். அவரை மறுபடி பார்க்க அழைப்பதாயின், ஓடும் வேகத்திலேயே படத்தைக் காட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறையின் ஒலிவாங்கியைத் திறந்து வைக்கட்டும். அன்றைய சனிக்கிழமை அந்த உரையாடல் அரங்கில் ஒலித்திருந்தால் 'கோல் சரி' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் 60,000 பேரும், இரு அணித் தலைவர்களும், களத்து நடுவரும், பந்து உதைக்கப்படுவதற்கு முன்பே அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். பெரும் மனிதத் தவறு, சிறு சிரிப்போடு முடிந்திருக்கும்.

ஏதோ கொஞ்சம் அசைந்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. 2023ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் ஒலிவாங்கியில் தீர்ப்பை அரங்குக்கு அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீக் கோப்பை அரையிறுதியில், மறுபடியும் அதே டாட்டன்ஹாம், அதே லிவர்பூல், அந்த வழக்கம் அந்நாட்டில் முதன்முறையாக நுழைந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் பிரீமியர் லீகும் அதை ஏற்றுக்கொண்டது. அண்ணன் மகன் இதைச் சொல்லி, "பார்த்தீர்களா சாச்சா, நீங்கள் கேட்டது வந்துவிட்டது" என்று மகிழ்ந்தான். நானும் ஆவலோடு கேட்டேன். நடுவர் திரையிலிருந்து திரும்பினார், ஒலிவாங்கியைத் தொட்டார், இன்ன வீரர், இன்ன குற்றம், இறுதி முடிவு இது என்று இரண்டு வாக்கியம் சொன்னார், ஊதினார். அறைக்குள் அதற்கு முன் நிகழ்ந்த இரண்டு நிமிட உரையாடல் எனக்குக் கேட்கவில்லை. அவனுக்கும் கேட்கவில்லை. கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது; உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்து முடிவை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார்.